ஐந்து முகவரிகள்: கிட்டார் ஸ்கேல் சாதகமும் ஃப்ரெட்போர்டு அறிவும்

ஒரு ஒத்திகையில் நடந்தது இது. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே நான் வாசித்த ஒரு துண்டைக் கேட்டுவிட்டு, கீபோர்டு வாசிக்கிற அண்ணன் எல்லாரையும் நிறுத்தச் சொன்னார். "தம்பி, கடைசியா புடிச்சியே, அது என்ன நோட்?" நான் குனிந்து இடது கையைப் பார்த்தேன். "மூணாவது ஸ்ட்ரிங், ஏழாவது ஃப்ரெட்ண்ணே." அவர் சிரித்துவிட்டார். "கதவு நம்பர் கேக்கலப்பா. உள்ள இருக்கறவர் பேரு கேட்டேன்."

உள்ளே இருந்தது டி. அதைச் சொல்ல எனக்கு நாலைந்து விநாடி ஆனது. ஜி-யிலிருந்து விரல்விட்டு எண்ணித்தான் சொன்னேன். அதற்குள் ஆறு வருடம் தினமும் ஸ்கேல் வாசித்திருந்தேன். மேஜர் ஸ்கேலின் ஐந்து வடிவங்களும் கண்ணை மூடினாலும் வரும். வேகமும் இருந்தது. ஆனால் எங்கே நிற்கிறேன் என்பது மட்டும் தெரியவில்லை. தினமும் 29சி பஸ்ஸில் போகிறவருக்கு நிறுத்தங்கள் வரிசையாகத் தெரியும். நடுவில் ஒரு சந்தில் இறக்கிவிட்டால் திசை புரியாது. என் நிலைமை அதுதான்.

ஸ்கேலை நிறைய வாசித்தால் ஃப்ரெட்போர்டு தானாகப் பிடிபட்டுவிடும் என்று கிட்டார் வகுப்புகளில் சொல்லாதவர் இல்லை. இது எவ்வளவு தூரம் உண்மை? எந்த முறையில் வாசித்தால் உண்மையாகிறது? இருநூறு வருடமாக ஆசிரியர்கள் இதற்கு வெவ்வேறு பதில் சொல்லி வந்திருக்கிறார்கள். பதில்களைப் பார்ப்பதற்கு முன், பிரச்சினை வாத்தியத்திலேயே இருக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

பியானோவில் நடு ஸ்தாயி ஈ என்றால் ஒரே ஒரு கட்டை. கிட்டாரில் முதல் தந்தியை ஒன்றும் பிடிக்காமல் மீட்டினால் வருகிற அதே ஈ, இரண்டாம் தந்தியின் 5-ஆவது ஃப்ரெட்டில் இருக்கிறது; மூன்றாம் தந்தியின் 9-இல், நான்காம் தந்தியின் 14-இல், ஐந்தாம் தந்தியின் 19-இல் இருக்கிறது. ஒரே ஸ்வரத்துக்கு ஐந்து முகவரி. 22 ஃப்ரெட் உள்ள எலெக்ட்ரிக் கிட்டாரில், திறந்த தந்திகளையும் சேர்த்தால் விரல் வைக்கக்கூடிய இடங்கள் 138. அவற்றில் ஒலிக்கிற வெவ்வேறு சுருதிகள் 47 மட்டுமே. ஆக சராசரியாக ஒவ்வொரு ஒலிக்கும் மூன்று வீடு. மூன்றும் ஒரே மாதிரி ஒலிப்பதும் இல்லை. திறந்த முதல் தந்தியின் ஈ கண்ணாடி மாதிரி தெளிவு. நான்காம் தந்தியின் 14-இல் அதே ஈ தடித்து, சற்று மூக்கடைத்த குரலில் பேசும். எனவே ஃப்ரெட்போர்டு அறிவு என்பது ஸ்வரத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதோடு முடிவதில்லை. எந்த வீட்டிலிருந்து அதைக் கூப்பிடுவது என்று தேர்ந்தெடுக்கும் வேலையும் அதில் சேர்த்தி.

அடுத்த சிக்கல் சுருதி சேர்க்கும் முறை. தடித்த ஆறாம் தந்தியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. நம் கணக்கில் சொன்னால், ஒரு தந்தியை ஷட்ஜமாக வைத்தால் அதற்கு அடுத்த மெல்லிய தந்தி சுத்த மத்யமம். ஓர் இடம் மட்டும் விதிவிலக்கு: மூன்றாம் தந்தியை ஷட்ஜமாக வைத்தால் இரண்டாம் தந்தி அந்தர காந்தாரம்தான், அரை ஸ்வரம் குறைவு. இந்த ஒரு சறுக்கலால், நான்கு தந்திகளில் கற்ற வடிவம் இரண்டாம் தந்திக்கு வந்ததும் ஒரு ஃப்ரெட் தள்ளி உட்கார்ந்துகொள்ளும். கிட்டார் பழகுகிறவர்கள் விடுகிற கண்ணீரில் பாதி இந்த எல்லையில்தான் சிந்தியிருக்கும்.

இதை ஏன் யாரும் சரிசெய்யவில்லை? செய்திருக்கிறார்கள். ஸ்டான்லி ஜோர்டன் தன் கிட்டாரை ஈ, ஏ, டி, ஜி, சி, எஃப் என்று முழுக்க மத்யம இடைவெளியில் சேர்த்து வாசிக்கிறார். அவருக்கு ஒரு வடிவம் எங்கே போனாலும் அதே வடிவம். ராபர்ட் ஃப்ரிப் 1980-களில் வேறொரு சேர்க்கையே உருவாக்கிக்கொண்டார். மற்றவர்கள் பழையதிலேயே நிற்பதற்குக் காரணம் கார்டுகள். அந்த ஒரு அரை ஸ்வரக் குறைவால்தான் இரண்டு ஓரத் தந்திகளும் ஈ-யாக அமைகின்றன. ஒரு விரலைக் குறுக்கே படுக்கவைத்து ஆறு தந்தியிலும் கார்டு பிடிக்க முடிகிறது. கார்டுக்காக ஸ்கேல் கொடுத்த விலை இது. என் கணக்கில் நல்ல பேரம்தான்.

மூன்றாவது சிக்கலைப் புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை. ஃப்ரெட்டுகள் சம தூரத்தில் இல்லை. 648 மில்லிமீட்டர் தந்தி நீளமுள்ள கிட்டாரில் முதல் ஃப்ரெட்டின் அகலம் சுமார் 36 மில்லிமீட்டர்; 12-ஐத் தாண்டினால் ஒரு ஃப்ரெட்டுக்கு 18 மில்லிமீட்டர்தான். காகிதத்தில் ஒரே மாதிரி தெரிகிற வடிவம், கைக்கு ஒவ்வோர் இடத்திலும் வேறு அளவு. சிறிய கை உள்ளவர்களை முதல் பொசிஷனில் நாலு ஃப்ரெட்டை விரித்துப் பிடிக்கச் சொல்லித் தொடங்குவது கொடுமை. 5-ஆவது ஃப்ரெட்டை ஒட்டித் தொடங்கினால் விரல் விறைக்காது.

பழைய பதில்கள்

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவில் மௌரோ ஜூலியானி வெளியிட்ட முதல் படைப்பில் வலது கைக்கென 120 பயிற்சிகள் இருக்கின்றன. அத்தனைக்கும் இடது கை பிடிப்பது இரண்டே கார்டு: சி, ஜி7. வலது கையைத் தனியாகப் பிரித்துச் சாதகம் செய்யவேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு பழையது. அவர் காலத்தவரான ஃபெர்னாண்டோ சோர் 1830-இல் பாரிஸில் வெளியிட்ட பாடநூல் வேறு தினுசு. விரல் ஓட்டத்தைவிட, இரண்டு ஸ்வரம் சேர்ந்து நகர்வதற்கு, அதாவது தேர்டுகளுக்கும் சிக்ஸ்துகளுக்கும், அவர் பெரிய இடம் தருகிறார். ஸ்கேலை ஒற்றைக் கோடாக ஓட்டாமல் ஜோடி ஜோடியாக நகர்த்தினால் ஃப்ரெட்போர்டின் அமைப்பு கைக்குப் புரிந்துவிடும் என்பது அதன் உட்பொருள். இன்றைக்கும் இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதைச் சொல்லித்தருகிறவர்கள் குறைவு.

கிளாசிக்கல் உலகில் ஸ்கேல் என்றதும் வருகிற பெயர் ஆந்த்ரேஸ் செகோவியா. 1953-இல் அமெரிக்காவில் வெளியான அவருடைய மேஜர், மைனர் ஸ்கேல்கள் ஒரு மெலிந்த நூல். எல்லா சுருதிகளுக்கும் விரல் அமைப்பு போட்டு, வலது கையில் எந்த விரலை எதனோடு மாற்றவேண்டும் என்றும் சொல்லியிருப்பார். அதில் சி மேஜரைப் பாருங்கள். ஐந்தாம் தந்தி 3-ஆவது ஃப்ரெட்டில் தொடங்கி, நடுவில் கை மேலே நகர்ந்து, முதல் தந்தியின் 8-இல் முடியும். கை ஒரே இடத்தில் குடியிருப்பதில்லை. ஃப்ரெட்போர்டில் குறுக்காகப் பயணம் போகிறது. அந்த நகர்வை ஓசையில்லாமல் செய்யப் பழக்குவதுதான் நூலின் உண்மையான பாடம். குறை ஒன்று உண்டு. ஒவ்வொரு ஸ்கேலுக்கும் ஒரே பாதை. பாதை மனப்பாடம் ஆன பிறகு, அதே ஸ்கேலை வேறு இடத்தில் தொடங்கச் சொன்னால் மாணவர் முழிப்பார்.

இதற்கு நேர் எதிரான பதில் பெர்க்லீ இசைக் கல்லூரியிலிருந்து வந்தது. வில்லியம் லெவிட் எழுதி 1966-இல் முதல் பாகம் வெளிவந்த பாடநூலில் கை நகராது, சுருதிதான் மாறும். ஒரே பொசிஷனில் இருந்துகொண்டு, தேவைப்பட்டால் சுண்டுவிரலையோ ஆள்காட்டி விரலையோ ஒரு ஃப்ரெட் நீட்டி, வெவ்வேறு கீகளின் ஸ்கேலை வாசிக்கவேண்டும். டேப் கிடையாது, முழுக்க நோட்டேஷன். டேப் விரலுக்கு உத்தரவு மட்டும் போடும், "மூன்றாம் தந்தி, 7-ஐ அழுத்து" என்று. அங்கே இருப்பது டி என்று சொல்லாது. நோட்டேஷன் வாசிக்கிறவர் டி-யைப் பார்த்து, அதற்கு எந்த முகவரி வசதி என்று தானே முடிவுசெய்தாக வேண்டும். லெவிட் முறையில் வந்தவர்கள் நின்ற இடத்திலிருந்தே எந்த கீயையும் வாசிப்பது தற்செயல் அல்ல. சலிப்பூட்டும் நூல்தான். பாதியில் கைவிட்டவர்களில் நானும் ஒருவன். பின்னால் திரும்பிப் போனேன்.

இன்று இணைய வகுப்புகளில் கோலோச்சுவது கேஜ்டு முறை. சி, ஏ, ஜி, ஈ, டி ஆகிய ஐந்து திறந்த கார்டு வடிவங்களின் பெயரைச் சேர்த்து ஆன சொல் அது. சி மேஜர் கார்டை எடுத்துக்கொண்டால் முதல் மூன்று ஃப்ரெட்டில் சி வடிவம்; 3-ஆவது ஃப்ரெட்டில் ஏ வடிவம்; 5-ஐ ஒட்டி ஜி வடிவம்; 8-இல் ஈ வடிவம்; 10-இல் டி வடிவம்; அப்புறம் மறுபடி சி. ஒவ்வொரு வடிவத்தைச் சுற்றியும் அந்த ஸ்கேலின் ஸ்வரங்கள் குடியிருக்கின்றன. ஜாஸ் மேதை ஜோ பாஸ் ஸ்கேலைக் கார்டு வடிவத்தோடு ஒட்டியே யோசித்தவர். அவருடைய 1970-ஆம் ஆண்டுப் பாடநூலிலும் அந்தப் பார்வைதான். இதன் பலம் பெரியது: ஸ்கேலுக்கு அடியில் கார்டு இருப்பதை மறக்க விடாது. பலவீனமும் இதிலேயே. ஐந்து படத்தையும் மனப்பாடம் செய்துவிட்டு, முறையைக் கற்றுவிட்டோம் என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். அடியில் இருக்கும் கார்டைப் பார்க்காமல் புள்ளிகளை மட்டும் பார்த்தால் அது கோலப்புத்தகம்.

ராக், மெட்டல் பக்கம் போனால் தந்திக்கு மூன்று ஸ்வரம் என்ற முறை. ஆறு தந்திக்கு 18 ஸ்வரம். இரண்டு ஸ்தாயியும் அதற்கு மேல் மத்யமம் வரையும் ஒரே வீச்சில் கிடைக்கும். வலது கைக்குக் கணக்கு மாறாததால் வேகம் சுலபமாக வரும். வேகம் வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி இல்லை. ஃப்ரெட்போர்டை அறிய வேண்டுமென்றால் இதைவிட மோசமான வழியும் இல்லை என்பது என் கட்சி. விரல் முந்திக்கொண்டு ஓடும்போது காதுக்கு நின்று பார்க்க நேரம் இல்லை.

ஒற்றைத் தந்தி

மிக் குட்ரிக் பெர்க்லீயில் கற்பித்தவர். 1987-இல் வந்த அவருடைய நூல், மற்ற பாடநூல்களைப் போல வடிவப் படங்களில் தொடங்குவதில்லை. ஒரே தந்தியில் வாசி என்கிறது. ஒரு தந்தியில் மேலும் கீழுமாக, குறுக்கே போகக்கூடாது. கேட்க எளிது, செய்துபாருங்கள். வடிவம் என்ற ஊன்றுகோல் கையைவிட்டுப் போய்விடும். அடுத்த ஸ்வரம் ஒரு ஃப்ரெட் தள்ளியா, இரண்டு ஃப்ரெட் தள்ளியா என்று காதுதான் சொல்லவேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு வீணைதான் நினைவுக்கு வந்தது. வீணையில் 24 மெட்டு. சரளி வரிசையைச் சாரணித் தந்தியிலேயே நீளவாக்கில் வாசித்துத்தான் மாணவர் தொடங்குகிறார். ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரை தூரம் அவருக்குக் கண்ணால் தெரியும், கையால் தெரியும். ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவே எத்தனை மெட்டு என்று மாயாமாளவகௌளையிலேயே தெரிந்துவிடும். கிட்டார் மாணவருக்கோ முதல் நாளிலிருந்தே தந்தி மாறிக்கொண்டிருப்பதால், தூரம் என்பது விரல் அடுக்காக மறைந்துபோகிறது.

இன்னும் முக்கியமானது ஒன்று. சரளி வரிசை கற்கும் பிள்ளை "ஸ ரி க ம" என்று பெயரைச் சொல்லிக்கொண்டே பாடுகிறது. பெயர், ஒலி, அசைவு மூன்றும் ஒரே மூச்சில் கட்டப்படுகின்றன. பிறகு அதையே மூன்று காலத்தில். கிட்டார் வகுப்பில் ஸ்கேல் வாசிக்கிற பிள்ளை வாய் திறப்பதில்லை. என் வாதம் இங்கேதான் நிற்கிறது. ஃப்ரெட்போர்டில் ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று அடையாளம் உண்டு. தந்தி எண்ணும் ஃப்ரெட் எண்ணும் அதன் முகவரி. டி, எஃப் என்ற எழுத்து அதன் பெயர். எந்தப் பாட்டிலும் மாறாது. ரி, ப என்ற ஸ்வரம் அதன் உறவு. ஷட்ஜம் எதுவோ அதைப் பொறுத்து மாறும். ஒத்திகையில் அண்ணன் கேட்டது பெயரை. பாட்டுக்குத் தேவை உறவு. வடிவச் சாதகம் இரண்டையும் தராமல், முகவரியிலிருந்து முகவரிக்குப் போகும் பாதையை மட்டும் விரலுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. முறை எதுவானாலும் இந்த ஓட்டை இருந்தால் ஒழுகும்.

உறவைப் பிடிக்க நம்மவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. மேஜர் ஸ்கேல் என்பது சங்கராபரணம், 29-ஆவது மேளம். அதன் ஸ்வரங்களை வைத்துக்கொண்டு ரிஷபத்தை ஷட்ஜமாக்கினால் கரஹரப்ரியா; காந்தாரத்தை ஆக்கினால் தோடி; மத்யமத்தை ஆக்கினால் கல்யாணி; பஞ்சமத்தை ஆக்கினால் ஹரிகாம்போதி; தைவதத்தை ஆக்கினால் நடபைரவி. கிரக பேதம் என்று நாம் சொல்வதுதான் மேற்கத்தியப் பாடநூல்களில் டோரியன், ஃப்ரிஜியன், லிடியன் என்று மோடுகளாக வருகிறது. நிஷாதத்தை ஷட்ஜமாக்கினால் பஞ்சமம் இடறும். அதனால் நமக்கு அது மேளமாகாது, அவர்களுக்கு லோக்ரியன். ஐந்து ஸ்வர ஸ்கேலிலும் இதே கதை. ராக் கிட்டார்காரர்கள் உயிராய் நினைக்கும் மைனர் பென்டடானிக் சுத்த தன்யாசி. அதன் ஐந்து வடிவங்களையும், அதாவது பாக்ஸ்களையும், தனித்தனி ஷட்ஜம் வைத்துக் கேட்டால் மோகனம், மத்யமாவதி, ஹிந்தோளம், சுத்த சாவேரி, சுத்த தன்யாசி என்று ஐந்து ராகச் சாயல் வரும்.

ஆனால் கேட்டால்தான் வரும். பாக்ஸை மாற்றினால் வராது. பெரிய தவறு நடப்பது இந்த இடத்தில். சி மேஜர் வடிவத்தை எஃப்-இல் தொடங்கி எஃப்-இல் முடித்துவிட்டு "லிடியன் வாசித்தேன்" என்கிறார்கள். பின்னால் சி கார்டு ஓடிக்கொண்டிருந்தால் அது சங்கராபரணத்தின் மத்யமத்தில் நின்று முடித்ததுதான். கல்யாணி ஆகவேண்டுமானால் சுருதி எஃப்-இல் இருக்கவேண்டும். சுருதி இல்லாமல் சாதகம் செய்வதை நினைத்துக்கூடப் பார்க்காத நாட்டில், கிட்டார் ஸ்கேல் மட்டும் எப்படி மெட்ரோனோமோடு மொட்டையாகப் பழகப்படுகிறதோ தெரியவில்லை. தம்புரா செயலியை சி-யில் வைத்து, ஒரே தந்தியில், ஸ்வரத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வாசித்துப் பாருங்கள். முதல் வாரம் அசிங்கமாக இருக்கும். மூன்றாவது வாரம், நிஷாதத்தில் கை நின்றால் மேல் ஷட்ஜத்துக்கு இழுக்கிற இழுப்பு விரலிலேயே தெரியும்.

கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசித்துப் பேர் வாங்கிய சுகுமார் பிரசாத்தையோ ஆர். பிரசன்னாவையோ கவனித்துக் கேட்டால் இதன் இன்னொரு பக்கம் புரியும். கமகத்துக்கு ஸ்வரத்தை நோக்கிச் சறுக்கியோ இழுத்தோ போகவேண்டும். பாக்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும் கைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

படிக்காத மேதைகள்

இவ்வளவு சொன்னால் ஒருவர் கட்டாயம் கேட்பார்: வெஸ் மான்ட்கோமரிக்கு நோட்டேஷன் வாசிக்கவே தெரியாதே? தெரியாதுதான். சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு அவருடைய சோலோக்களை அப்படியே வாசித்துப் பழகியவர். பிக் இல்லாமல் கட்டைவிரலால் வாசித்தவர். ஜாங்கோ ரைன்ஹார்ட் இன்னும் வியப்பு. 1928-இல் தீ விபத்தில் இடது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் பெரும்பாலும் செயலிழந்தன. இரண்டு விரல்களால்தான் அந்தப் பாய்ச்சல்கள் எல்லாம். நாலு விரலுக்கும் கணக்காக எழுதிய எந்த ஸ்கேல் புத்தகமும் அவருக்குப் பயன்பட்டிருக்காது. இரண்டு விரலோடு தந்திக்குக் குறுக்கே அதிகம் போக முடியாது; நீளவாக்கில் ஓடித்தான் ஆகவேண்டும்.

இவர்களை வைத்து "தியரி வேண்டாம்" என்று தீர்ப்பு எழுதுவது அவசரம். இவர்களிடம் இல்லாதது எழுத்துப் பெயர். உறவு இருந்தது, அதுவும் நம்மைவிடப் பல மடங்கு. அடுத்த ஸ்வரம் எப்படி ஒலிக்கும் என்று விரல் வைப்பதற்கு முன்பே தெரிந்திருந்தது. ஜார்ஜ் பென்சன் சோலோ வாசிக்கும்போது அதையே வாயால் பாடுவாரே, அதுதான் சான்று. பெயர் தெரியாமல் உறவு தெரிந்தவர் மேடையில் பிழைத்துக்கொள்வார். இரண்டும் தெரியாமல் வடிவம் மட்டும் தெரிந்தவர் வீட்டில்தான் மேதை.

எப்படிப் பழகுவது

எதைப் பழகுவது என்ற கேள்விக்கு ஆசிரியர்கள் பதில் சொன்னார்கள். எப்படி என்பதில் கடந்த ஐம்பது வருட ஆராய்ச்சிகள் சில பழைய பழக்கங்களை அசைத்திருக்கின்றன. 1979-இல் ஷே, மார்கன் இருவரும் கை அசைவுப் பணிகளை வைத்துச் செய்த சோதனை இதில் முக்கியமானது. ஒரு குழு ஒவ்வோர் அசைவையும் தொடர்ந்து செய்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழு கலந்து கலந்து செய்தது. பயிற்சியின்போது முதல் குழு முந்தியது. பிறகு வைத்த சோதனையில் கலந்து செய்த குழுவே நன்றாக நினைவு வைத்திருந்தது. இசையில் இதைப் பார்க்க 2016-இல் கார்ட்டர், கிரான் இருவரும் பத்து கிளாரினெட் கலைஞர்களை வைத்து ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியை 12 நிமிடம் தொடர்ந்து பழகுவதற்குப் பதில், மூன்று மூன்று நிமிடமாக மாற்றி மாற்றிப் பழகியபோது பலன் சற்று மேலாக இருந்தது. வித்தியாசம் மலையளவு அல்ல, ஆட்களும் குறைவு. ஆனால் திசை அதேதான்.

ஒரே ஸ்கேலை அரை மணி நேரம் ஏற்றி இறக்குவது ஏன் சுகமாக இருக்கிறது, ஏன் மறுநாள் காணாமல் போகிறது என்பதற்கு இதில் விளக்கம் கிடைக்கிறது. பத்தாவது சுற்றில் மூளை தேடுவதை நிறுத்திவிடுகிறது. கை தானாக ஓடுகிறது. தேடல்தான் சாதகம். சுவரில் ஒட்டிய ஃப்ரெட்போர்டு படத்தை நூறு முறை பார்ப்பதைவிட, படத்தைக் கிழித்துவிட்டு பத்து முறை தடுமாறிச் சொல்வது மேல். நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது மீண்டும் படிப்பதைவிட நிலைக்கும் என்று ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் காட்டியதும் இதுதான்.

இன்னொன்று, எவ்வளவு நேரம் என்ற மூடநம்பிக்கை. டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் டியூக் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் 17 பியானோ மாணவர்கள் ஷோஸ்டகோவிச்சின் கான்செர்ட்டோவிலிருந்து ஒரு சிறு பகுதியைப் பழகினார்கள். மறுநாள் யார் நன்றாக வாசித்தார்கள் என்பதற்கும், முந்தைய நாள் எத்தனை நிமிடம் அல்லது எத்தனை முறை வாசித்தார்கள் என்பதற்கும் தொடர்பு இல்லை. பிழையை என்ன செய்தார்கள் என்பதில்தான் இருந்தது விஷயம். மேலே வந்தவர்கள் தப்பு நேர்ந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்து, வேகத்தைக் குறைத்து, அது சரியாகும்வரை அந்த இடத்திலேயே நின்றார்கள். மற்றவர்களிடம் இந்தப் பழக்கம் அவ்வளவாக இல்லை. நான் ஆறு வருடம் எந்தக் கூட்டத்தில் இருந்தேன் என்று சொல்லத் தேவையில்லை.

இதையெல்லாம் சேர்த்து நான் இப்போது செய்வது அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். முதலில் பெயர். அன்றைக்கு ஒரே எழுத்து, சி என்று வையுங்கள். மெட்ரோனோமை 60-இல் வைத்து, ஆறாம் தந்தியிலிருந்து ஒவ்வொரு தந்தியிலும் சி: 8, 3, 10, 5, 1, 8. கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே, பிறகு தந்தி வரிசையைக் கலைத்து. ஷார்ப், ஃப்ளாட் விட்டால் எழுத்துகள் ஏழு. ஆறு தந்திக்கு 42 இடம். ஒரு நாளைக்கு ஓர் எழுத்து என்றால் ஒரு வாரத்தில் ஒரு சுற்று முடியும். நாலைந்து சுற்றில் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். பி-க்கும் சி-க்கும், ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவில் இடைவெளி இல்லை என்பதும், ஆறாம் தந்தியும் முதல் தந்தியும் ஒரே பெயர் வரிசை என்பதும் தெரிந்தால் சுமை இன்னும் குறைந்துவிடும். ஆறாம், ஐந்தாம் தந்திகளிலிருந்து இரண்டு தந்தி தள்ளி இரண்டு ஃப்ரெட் மேலே போனால் அதே பெயர், மேல் ஸ்தாயி. நான்காம், மூன்றாம் தந்திகளிலிருந்து அதுவே மூன்று ஃப்ரெட். இரண்டாம் தந்தியின் சறுக்கல் இங்கேயும் வந்துவிட்டதா, பாருங்கள்.

பிறகு உறவு. தம்புரா ஓட, ஒற்றைத் தந்தியில் பத்து நிமிடம். தந்தி தினமும் மாறும், சுருதியும் மாறும், ராகமும் மாறும்: ஒரு நாள் சங்கராபரணம், ஒரு நாள் கீரவாணி, ஒரு நாள் மோகனம். வாய் ஸ்வரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் கதவைச் சாத்தினார்கள், இப்போது பழகிவிட்டது.

வடிவங்கள் அதற்கு அப்புறம்தான். ஒரு பொசிஷன், உதாரணமாக இரண்டாவது பொசிஷனில் ஜி மேஜர். ஆறாம் தந்தி 2-இல் தொடங்கி முதல் தந்தி 5-இல் முடிய 17 ஸ்வரம். அதை நேராக ஏற்றி இறக்குவது தொடக்கத்தில் ஒரு முறை மட்டும். மீதி நேரம் தேர்டுகளாக, ஒரு ஸ்வரம் விட்டு ஒரு ஸ்வரமாக. அல்லது நம் அலங்காரங்களின் போக்கில், "ஸரிகம ரிகமப" என்று. நடுவில் சட்டென்று நிறுத்தி, "நிற்பது எந்த ஸ்வரம், என்ன எழுத்து?" என்று என்னையே கேட்டுக்கொள்வேன். பதில் உடனே வரவில்லையென்றால் அந்த இடத்தில் வேலை இருக்கிறது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பொசிஷனையோ கீயையோ மாற்றிவிடுவேன். சுகம் வந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மெட்ரோனோமை இரண்டு இரண்டாக ஏற்றிக்கொண்டே போவது பரவலான வழி. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. மெதுவாக வாசிக்கும்போது விரல் உயரத் தூக்கி இறக்குகிற அசைவும், வேகத்தில் தேவைப்படுகிற அசைவும் ஒன்றல்ல. நடையைக் கூட்டிக் கூட்டி ஓட்டம் ஆகாது. மெதுவாகவும் வாசியுங்கள், கூடவே நாலு ஸ்வரம் மட்டும் எடுத்துக்கொண்டு முழு வேகத்தில் ஒரு வெடி, ஓர் ஓய்வு, மறுபடி ஒரு வெடி. மணிக்கட்டோ முன்கையோ வலித்தால் அன்றைக்குக் கிட்டாரைப் பெட்டியில் வையுங்கள்.

கடைசி ஐந்து நிமிடம் பாட்டு. தெரிந்த ஒரு மெட்டை, இதுவரை வாசிக்காத இடத்தில் தொடங்கி வாசிப்பது. அதே மெட்டு நாளைக்கு வேறு தந்தியில். ஐந்து முகவரிகளுக்கும் போய்வந்த ஒரு பல்லவி, நூறு முறை ஏற்றி இறக்கிய ஸ்கேலைவிட அதிகம் சொல்லித்தருகிறது. எந்த முகவரியில் அதன் குரல் பொருந்துகிறது என்று காது தேர்ந்தெடுக்கத் தொடங்குவதும் அதில்தான்.

அந்த அண்ணன் இப்போதும் ஒத்திகையில் திடீரென்று நிறுத்திக் கேட்பார். பெரும்பாலும் அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் தந்தியின் 6-ஆவது ஃப்ரெட்டில் மட்டும் இன்னும் ஒரு கண் சிமிட்டும் நேரம் தேவைப்படுகிறது. அது எஃப்.